வலது கன்னம்

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று தொடங்கினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அங்கே நீங்கள் நலமா என்று கேட்டால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். அதனால் அந்த இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஓய்வு இல்லத்தில் வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பு உங்களுக்குக் கடிதம் எழுதியவள், இப்போதுதான் மறுபடியும் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள். அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினால் போதும் என்று நினைக்க வேண்டாம். உங்களை எனக்குத் தெரியும்.

சபையில் உங்களுக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். நல்ல மனிதர்தான், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெண்கலக் குரல். வார்த்தைக்கு வார்த்தை சிரிக்கிறார். நீங்கள் தொடங்கிவைத்த பழக்கத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். ஆராதனை தொடங்கும் முன் “சந்தோஷமா இருக்கீங்களா?” என்று கேட்கிறார். சபை “சந்தோஷம்!” என்கிறது. அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, “கேக்கலையே” என்கிறார். கூரை அதிரும்வரை விடுவதில்லை. பிறகு வழக்கம்போல் சபை “நீங்க?” என்று திருப்பிக் கேட்கும்போது, நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை நாம் இருவரும் இன்னும் வாய்விட்டுப் பேசவில்லை. எழுத்தில் சொல்வது சுலபம் என்பதால் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அந்தக் குழந்தையை அடக்கம் பண்ணினீர்கள். பெட்டி அவ்வளவு சின்னது, அப்பன்காரன் காரில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தான். மறுநாள் காலை நீங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டீர்கள். இரண்டாம் வரிசையில் அந்தக் குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் “சந்தோஷம்” என்றாள். அவள் உதடு அசைந்ததை நானும் பார்த்தேன். நீங்கள் பார்த்ததையும் பார்த்தேன்.

சபை “நீங்க?” என்று கேட்டது. நீங்கள் மைக்கில் “இல்ல” என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, “ரொம்ப நாளா இல்ல” என்றீர்கள். அங்கியோடு பின்வாசல் வழியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ சமயோசிதமாகப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நான் செய்கிற வேலை என்ன? வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, மூக்கில் எங்கே அழுத்துகிறது, காதில் எங்கே உறுத்துகிறது என்று கண்டுபிடித்துச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பதுதான். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே இருந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லையே என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு உங்களுடைய முகத்தில் எத்தனை காலமாக உறுத்திக்கொண்டிருந்ததோ.

கேட்பவர்களிடம் உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி சபைச் செயலரின் உத்தரவு. நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லி வருகிறேன். குருமனையில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அதைச் சொன்னால் செயலர் கமிட்டியில் வைக்கிறேன் என்கிறார். குழாய்க்கும் காய்ச்சல் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

இன்னொன்று. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ரொட்டிக் கடைக்காரி நேற்று வீட்டுக்கு வந்தாள். நம் சபை ஆளே இல்லை. மாவு ஒட்டிய கையோடு வாசலில் நின்று, “சனிக்கிழம பாஸ்டர் வரலியே, அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காரு” என்றாள். எந்த அண்ணன், என்ன சனிக்கிழமை என்று எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ‘வீடு சந்திப்பு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்களே, அந்த வீடு இதுதானா? அவள் அண்ணன் பஸ் டிரைவராக இருந்தவராம். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறாராம். உங்களுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அங்கே நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள், சொல்லவில்லை.

குளிர் இருக்கும். கம்பளிச் சட்டை பெட்டியின் அடியில் இருக்கிறது. கர்த்தர் உங்கள் தூக்கத்தையாவது முதலில் திருப்பித் தரட்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வீட்டுக்காரி

* * *

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு வரிக்குத் தபால்தலை ஒட்டிய மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். பேராயருக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டதாகவும், மாதக் கடைசியில் அனுப்பப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தன்னிடம் இல்லாத சந்தோஷத்தை அடுத்தவனுக்குச் சொல்லித் தருவது பித்தலாட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அது எனக்குள் ஒருநாளும் இருந்ததில்லையோ என்று சந்தேகமாயிருக்கிறது, இத்தனை வருஷ ஊழியமும் வெறும் வாய்ச்சத்தம்தான் போலிருக்கிறது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் சாமான்களைக் கட்டத் தொடங்கு என்று எனக்கு ஒரு கட்டளை.

நான் கட்டவில்லை. வீட்டில் கயிறு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதும் விலகாததும் உங்கள் இஷ்டம், வேறு ஊரில் வேறு வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம், எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த ‘ஒருநாளும் இருந்ததில்லை’ என்ற வரியை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை கடையில் அரை நாள் விடுப்பு கேட்டுப் போனேன். ரொட்டிக் கடையின் அடுப்புச் சுவரை ஒட்டியே மாடிப்படி. கைப்பிடியைத் தொட்டால் சுடுகிறது. மேலே ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில், கீழே பேருந்து நிறுத்தம். அந்த டிரைவர் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தபடி, வளைவில் திரும்பிய ஒரு பேருந்தின் ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆனால் திட்டு மட்டும் தெளிவாக விழுகிறது.

பாஸ்டர் எங்கே என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். “பாஸ்டர் பொண்டாட்டி பொய் சொல்ல இன்னும் பழகணும்” என்றார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சபையில் யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத அந்த மனிதரிடம் நின்றபடியே சொல்லிவிட்டேன். குழந்தை, கேள்வி, நீங்கள் மைக்கில் சொன்ன பதில், எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, “அங்க ஏறி நின்னு ஒரு தடவையாவது உருப்படியா பேசியிருக்காரு. அதுக்கா ஊரைவிட்டு அனுப்புனீங்க?” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு தங்கைக்காரி டீ கொண்டுவந்தாள், மீதியை அவள்தான் சொன்னாள். முதன்முதலாக நீங்கள் ஜெபம் பண்ண வந்தபோது இவர் விரட்டிவிட்டாராம். வாசல்வரை போன நீங்கள் திரும்பி, ஜெபம் வேண்டாம், கரடி மாதிரி இருக்கிறீர்களே, முகச்சவரமாவது செய்துவிடட்டுமா என்று கேட்டீர்களாம். கரடி! வீட்டில் என் சமையல் தீய்ந்துபோனால்கூட ‘பரவாயில்லை’ என்கிற மனிதர். இவர் இரண்டு நிபந்தனை போட்டாராம். சத்தமாக ஜெபம் கூடாது, கீழே வியாபாரம் நடக்கிறது. சந்தோஷமா இருக்கீங்களா என்று கேட்கக் கூடாது, தெருவரைக்கும் கேட்கிற அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட நீங்கள் தவறவில்லையாம். சவரம் செய்யும்போது அவர் டிரைவராம், நீங்கள் கண்டக்டராம். கத்தி காதுக்குப் பக்கத்தில் போனால் அவர், “பிரேக்கு, பிரேக்கு!” என்று அலறுவாராம். நீங்கள் “மோவாய் வளைவு, இறங்குறவங்க எல்லாம் இறங்கு!” என்று கூவுவீர்களாம். மேலுதடு வந்தால், பாலத்தில் வேலை நடக்கிறது, மெதுவாகப் போ என்பாராம். ஒருமுறை சோப்பு நுரை அவர் மூக்கில் ஏறித் தும்மி, அந்த நுரை முழுக்க உங்கள் முகத்தில் தெறித்ததாம். நீங்கள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தீர்களாம். கீழே ரொட்டி வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம். “பாஸ்டர் சிரிச்சா எங்க தட்டு, டம்ளர் எல்லாம் ஆடும்க்கா” என்றாள் அந்தப் பெண், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த செய்தி மாதிரி.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். ஞாயிறுதோறும் சபைக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்தீர்கள், அது தொண்டையைத் தாண்டவில்லை. வீட்டுக்கு மௌனத்தைக் கொண்டுவந்தீர்கள். தட்டு, டம்ளர் ஆடுகிற சிரிப்பை ஒரு ரொட்டிக் கடை மாடியில் வைத்திருந்தீர்களே! மாடிப்படியில் இறங்கும்போது அந்தச் சூடான சுவரில் சாய்ந்து அழுதேன். தங்கைக்காரி ஒரு பன்னைக் கையில் திணித்தாள். அழுதுகொண்டே தின்றேன். பசிதான் போலிருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கிளம்புவதற்கு முன்னால் நானே சவரம் செய்கிறேன் என்று கத்தியை எடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இடது கன்னத்தைக் காட்டினார். அது பக்கவாதம் அடித்த பக்கம், தொட்டாலும் தெரியாது. “இந்தப் பக்கம் உனக்கு. வெட்டினாலும் வலிக்காது” என்றார். இரண்டு இடத்தில் வெட்டியும் விட்டேன். வலது பக்கத்துக்கு வந்தபோது கையைத் தட்டிவிட்டார். “இது உணர்ச்சியுள்ள பக்கம். அந்த ஆளு வந்து பண்ணட்டும்” என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இப்போது பாதி முகம் பளபளப்பாகவும் பாதி முகம் புதராகவும் ஜன்னலோரம் கிடக்கிறார். பேருந்தில் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் அவர்களைத் திட்டுகிறார்.

இன்றைக்குக் கடைக்குக் குழந்தையின் அம்மா வந்தாள். அவள் கணவனின் கண்ணாடி உடைந்துவிட்டது. அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அவன் அதைப் போட்டுக்கொண்டே தூங்குகிறானாம், புரண்டு படுத்ததில் நசுங்கிவிட்டதாம். திருகாணியைப் போட்டுக்கொண்டே, ஏன் ஆராதனைக்கு வருவதில்லை என்று மெதுவாகக் கேட்டேன். புதியவர் கேட்கும்போது தனக்கு வாய் வரவில்லை, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றாள். “அன்னிக்கு நம்ம பாஸ்டர் ஒருத்தர்தான்க்கா என்கூட இருந்தாரு” என்றாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

சந்தோஷம் என்றால் என்ன என்று வேதக் கல்லூரியில் படித்தவர் நீங்கள். எனக்கு அந்தப் படிப்பு கிடையாது. ஆனால் அந்த மாடியில் உங்களுக்கு வந்தது வேறு என்ன என்று நீங்களே சொல்லுங்கள். யாரும் அங்கே காதில் கையை வைத்துக்கொண்டு நிற்கவில்லையே. அதை யாருக்கும் காட்டுவதற்காக நீங்கள் செய்யவில்லையே. பேராயருக்கு அனுப்பும் கடிதத்தில் வேறு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், இல்லாத ஒன்றை எழுதாதீர்கள்.

டிரைவருக்கு மார்பில் சளி கட்டியிருக்கிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு போனாராம். ஒரு சனிக்கிழமை மட்டும் வந்துபோக முடியுமா என்று அங்கே பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். கர்த்தர் உங்களைத் தள்ளிவிடவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

உங்களை நினைத்தபடி,
வீட்டுக்காரி

* * *

என் பிரியமானவருக்கு,

இந்தக் கடிதத்தைச் செயலர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் நேரத்துக்குக் கிடைக்காது. டிரைவர் இன்று அதிகாலை போய்விட்டார்.

போன சனிக்கிழமையும் நான் போயிருந்தேன். மூச்சு விசில் அடித்தது. திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை, வளைவில் திரும்புகிற பேருந்துகளைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். இடது கன்னத்தை மறுபடி எனக்குக் காட்டினார், இந்தத் தடவை வெட்டாமல் முடித்தேன். உங்களிடமிருந்து பதில் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. “அவருக்கு அவசரமில்ல. எனக்குத்தான்” என்றார். பிறகு நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, “வேணும்னா ஜெபம் பண்ணிக்கோ. சத்தம் போடாத” என்றார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே ஜெபம் பண்ணினேன். கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியும் முன் தங்கைக்காரி முதல் ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மேலே போய்ப் பார்த்திருக்கிறாள். முடிந்திருக்கிறது. இங்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பிப் போவதற்குள் ரொட்டியெல்லாம் கருகிவிட்டது. அந்தப் புகையிலேயே நாங்கள் இருவரும் அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றினோம். அவர் பழைய டிரைவர் சட்டையைப் போட்டிருக்கிறோம்.

சவப்பெட்டிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இதென்ன கோலம் என்று சவரப் பையைத் திறந்தார். தங்கைக்காரி குறுக்கே போய் நின்றுகொண்டாள். “அந்தப் பக்கத்த யாரும் தொடக் கூடாது” என்றாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது புத்தி சொல்வேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நானும் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரர் வந்து செய்வார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அடக்கம் நாளை மத்தியானம். தங்கைக்காரிக்கு உங்கள் பிரசங்கம் வேண்டாம். அண்ணனுக்குப் பிடிக்காததை இப்போது செய்யக் கூடாது என்கிறாள். பாட்டும் வேண்டாமாம். சவரம் மட்டும் போதும் என்கிறாள். குழந்தையின் அம்மாவும் கணவனும் காலையிலிருந்து கீழே கடையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு டிரைவரைத் தெரியவே தெரியாது. நான் சொல்லித்தான் வந்தார்கள். அவள் கருகிய தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீர் தூக்குகிறான். ஏன் செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

செயலரும் மேலே வந்து அந்த முகத்தைப் பார்த்தார். எப்போதும் கமிட்டியில் வைக்கிறேன் என்பவர், அதைச் சொல்லாமல் கார் சாவியை எடுத்துக்கொண்டார். வழியில் உங்களிடம் சபையைப் பற்றியோ பேராயரைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கார் அங்கே வாசலில் நிற்கும். உங்களால் முடியவில்லை என்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் வருத்தப்படுவேன், ஆனால் கோபப்படமாட்டேன். இடது கன்னத்தைச் செய்த கையால் வலதையும் செய்துவிடுகிறேன்.

விலகல் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கி தேவையில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றும் யோசிக்க வேண்டாம், அழுகிற முகமோ வெறும் முகமோ, இருக்கிற முகத்தோடு வாருங்கள். அந்த அறையில் இதுவரை யாரும் உங்களை அந்தக் கேள்வி கேட்டதில்லை. நானும் இனி வீட்டில் கேட்கமாட்டேன்.

புது பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன். கிண்ணம், தூரிகை, துண்டு எல்லாம் ஜன்னல் திட்டில் இருக்கின்றன. இப்போது அவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், எங்கே தொட்டாலும் தெரியாது. ஆனாலும் வலது பக்கம் உங்களுடையது. நீங்கள் வரும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று தங்கைக்காரி இரவு முழுக்க அடுப்பை அணைக்காமல் வைத்திருக்கப்போகிறாள்.

உங்கள் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. காதுக்குப் பக்கத்தில் மட்டும் மெதுவாகப் போங்கள், பிரேக்கு என்று சொல்ல அவர் இல்லை.

படிக்கட்டில் உங்கள் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி